முதுமையடைந்த ஹார்டு டிஸ்க்: ஒலியும் தாமதமும்

ஹார்டு டிஸ்கிலிருந்து வரும் ஒலிகளுக்குப் பிறப்பிடங்கள் மூன்றுதான். தட்டுகளைச் சுழற்றும் மோட்டாரும் அதன் பேரிங்கும் ஒன்று. தலைகளைத் தட்டின் குறுக்கே கொண்டுசெல்லும் கையும் அதை அசைக்கும் கம்பிச்சுருளும் இன்னொன்று. இவ்விரண்டின் அதிர்வையும் வாங்கிப் பெருக்கும் பெட்டி, திருகு, மேசைப் பலகை ஆகியவை மூன்றாவது. தாமதத்துக்கோ பிறப்பிடங்கள் ஏராளம். தட்டு, தலை, கேபிள், மின்சாரம், யூஎஸ்பி துளை, விண்டோஸின் பின்னணி வேலைகள் என்று எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான்: கோப்பு திறக்க நேரமாகிறது. ஒலி குறிப்பாகப் பேசும், ஆனால் காலம் கடந்தே பேசும். தாமதம் முந்திப் பேசும், ஆனால் யாரைக் குற்றம் சொல்கிறது என்று விளங்காது. பழைய டிஸ்கைச் சோதிப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

புதிய மடிக்கணினிகளை எஸ்எஸ்டி பிடித்துக்கொண்ட பிறகும் சுழலும் தட்டு வீடுகளை விட்டுப் போய்விடவில்லை. சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, மெல்போர்னில் டாண்டினாங், கிளென் வேவர்லி என்று தமிழர் செறிந்த புறநகர்களில் அரங்கேற்ற வீடியோக்களும் கல்யாண ஆல்பங்களும் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஸ்கேன் செய்து எடுத்துவந்த பழைய குடும்பப் படங்களும் இன்னும் எக்ஸ்டர்னல் டிஸ்குகளிலேயே கிடக்கின்றன. கடைகளின் சிசிடிவி ரெக்கார்டருக்குள்ளும், வீட்டு மூலையில் இரவும் பகலும் ஓடும் நாஸ் (வலைச் சேமிப்பு) பெட்டிக்குள்ளும் இருப்பதும் அதுதான். ஒரே பிரதியாக இருக்கும் பொருள் பெரும்பாலும் மிகப் பழைய டிஸ்கில் இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

முதலில், குறையே இல்லாத ஒலிகள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுழல்கிறது; ஆகவே அதன் அடிநாதம் 120 ஹெர்ட்ஸ். 5400 சுற்று டிஸ்குக்கு அது 90 ஹெர்ட்ஸ். ஆஸ்திரேலிய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய அடாப்டரும் யூபிஎஸ்ஸும் அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். செல்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைத் திறந்து பெட்டியின் அருகே வைத்தால், கோடு எந்த எண்ணில் எழுகிறது என்பதைக் கொண்டு முனகுவது டிஸ்கா அடாப்டரா என்று அரை நிமிடத்தில் பிரித்துவிடலாம். மின்விசிறியின் ஒலி கணினிக்கு வேலை கூடும்போது ஏறி, குறையும்போது இறங்கும். டிஸ்கின் சுழல்வேகம் மாறுவதில்லை, அதன் நாதமும் மாறாது. அமெரிக்க வழிகாட்டி நூல்களைப் படித்து இங்கே சோதிப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அடாப்டரின் முனகலும் 7200 சுற்று டிஸ்கின் நாதமும் ஒரே 120-இல் விழுந்து குழம்பும். இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

கைக்கும் இயல்பான ஒலிகள் உண்டு. வேலை இல்லாதபோது தலைகள் தட்டைவிட்டு விலகி ஓர் ஓரச் சரிவில் ஏறி அமரும். அப்போது மெல்லிய ஒரு ‘டிக்’ கேட்கும். மின்சாரம் திடீரென்று நின்றால் அதே ஒலி சற்று உரக்கக் கேட்கும். மின்சாரம் நின்ற பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே தலைகள் ஒதுங்கிக்கொள்கின்றன என்பதால் அது பயப்பட வேண்டிய ஒலியன்று. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெரிய கொள்ளளவு டிஸ்குகள் பலவற்றில் ஐந்து நொடிக்கு ஒருமுறை ஓர் ஒலி வரும். தலை ஒரே இடத்தின் மேல் நீண்ட நேரம் நின்றுவிடாமல் இருக்க அந்த நிறுவனமே வைத்த ஏற்பாடு அது. புதிதாக வாங்கிய டிஸ்கைச் சாகப்போகிறது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வோரில் ஒரு பகுதியினர் இந்தத் தாளத்தைக் கேட்டு மிரண்டவர்கள்.

பேரிங்கின் கதை கொஞ்சம் மாறிவிட்டது. 2000-களின் தொடக்கம் வரை டிஸ்க் மோட்டார்களில் எஃகுக் குண்டுகள் கொண்ட பேரிங்தான் இருந்தது. தேயத் தேய அது சீறும், பின்பு கிரீச்சிடும், மாதக்கணக்கில் எச்சரிக்கும். பிறகு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் பேரிங் வந்தது. 2001-இல் வந்த சீகேட் பாரகுடா ஏடிஏ IV அதை மேசைக் கணினி டிஸ்குகளுக்குப் பரவலாகக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று. ஒலி பெருமளவு அடங்கியது. கூடவே அந்த நீண்ட எச்சரிக்கையும் போய்விட்டது. குண்டுப் பேரிங் காலத்தில் டிஸ்கைக் காதால் சோதித்துப் பழகியவர்களின் அனுபவம் இன்றைய டிஸ்கில் பாதிதான் செல்லுபடியாகிறது.

இனி, கவனிக்க வேண்டிய ஒலிகள். சீரான இடைவெளியில் ‘டக்… டக்… டக்’ என்று சில முறை அடித்து, சுழற்சி நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி அடிப்பது மிக மோசமான குறி. தட்டில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிகளைத் தலையால் படிக்க முடியவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத கை ஓரத் தடுப்புவரை போய் மோதித் திரும்புகிறது. தலை கெட்டிருக்கலாம், முன்பெருக்கிச் சில்லு கெட்டிருக்கலாம், மின்சாரம் போதாமல் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை மட்டும்தான் வீட்டில் சரிசெய்ய முடியும். ஆகவே வேறு அடாப்டர், வேறு கேபிள் கொண்டு ஒரே ஒரு முறை முயன்று பார்ப்பதில் தவறில்லை. பத்து முறை முயல்வது தவறு. ஐயோமெகாவின் ஸிப் டிரைவில் 1990-களின் பிற்பாதியில் பரவி 1998-இல் அமெரிக்க நீதிமன்றம்வரை போன ‘மரண டிக்’கும், ஐபிஎம்மின் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி டிஸ்குக்கு ‘டெத்ஸ்டார்’ என்ற பட்டப்பெயர் வாங்கித் தந்த ஒலியும் இந்த இனத்தைச் சேர்ந்தவை.

சிறிய 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்க் ‘பீப்’ என்று விட்டுவிட்டு ஒலித்தால், உள்ளே ஸ்பீக்கர் இருப்பதாக நினைக்கக் கூடாது. சுழல முடியாத மோட்டார் அதிர்வதே அந்த ஒலி. யூஎஸ்பி 2 துளை 500 மில்லிஆம்பியரும் யூஎஸ்பி 3 துளை 900 மில்லிஆம்பியரும் தரும் என்பது விதி. நீளமான கேபிளோ தனி மின்சாரமில்லாத ஹப்போ நடுவில் இருந்தால் தொடக்கச் சுழற்சிக்கு அது போதாமல் போகும். கணினியின் பின்புறத் துளையில் குட்டைக் கேபிளால் நேரே செருகியும் பீப் நிற்கவில்லை என்றால், தலை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுகிவிட்டது. கீழே விழுந்த டிஸ்குகளில் இது அதிகம்.

அரைக்கும் ஒலி, உரசும் ஒலி, மணலைத் தேய்ப்பது போன்ற ஒலி கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: அந்த நொடியே மின்சாரத்தைப் பிடுங்குவது. தலை சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. அது தட்டில் உரசத் தொடங்கினால் ஒவ்வொரு சுற்றும் காந்தப் பூச்சைச் சுரண்டித் தூளாக்கும். அந்தத் தூள் மற்றத் தட்டுகளின் தலைகளையும் கெடுக்கும். நொடிக்கு 120 சுற்று என்பதால் ஒரு நிமிடத் தயக்கத்தின் விலை 7200 உரசல்.

இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் நிலையை அறியும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் கணினியோடு பிறந்தது எனலாம். நாட்டின் முதல் கணினி சிஎஸ்ஐஆர்ஏசி. டிரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் சிட்னியில் உருவாக்கிய அது 1949 நவம்பரில் தன் முதல் நிரலை ஓட்டியது. 1955-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1964 வரை உழைத்தது. நிரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எங்கே சிக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அதில் பொருத்திய ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கொண்டு இயக்குநர்கள் கண்டுகொண்டார்கள். 1951-இல் அதே ஒலிபெருக்கி வழியாக அது ‘கர்னல் போகி’ மெட்டை வாசித்துக் காட்டவும் செய்தது. அந்த ஒலி வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பதுதான் வேறுபாடு. ஹார்டு டிஸ்கின் ஒலி யாரும் திட்டமிட்டு வைக்காத கசிவு. அதற்கு அகராதி கிடையாது, ஒரே ஒலி இரண்டு மாடல்களில் இரண்டு பொருள் தரும்.

எதிர்த்திசையும் உண்டு: வெளி ஒலியே டிஸ்கைத் தாமதப்படுத்தும். 2008-இன் இறுதியில் வெளியான ஒரு சிறு வீடியோவில், சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய ஆஸ்திரேலியப் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்துகிறார். அதே நொடியில் திரையில் டிஸ்குகளின் மறுமொழி நேரம் எகிறுகிறது. வேடிக்கை போலத் தோன்றும் இது 2016 செப்டம்பரில் புகாரெஸ்ட் நகரில் வினையானது. ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்புச் சோதனைக்காகத் திறந்துவிட்ட வாயு சீறிய சத்தம் டிஸ்குகளைச் சேதப்படுத்தி, வங்கிச் சேவைகளை மணிக்கணக்கில் நிறுத்திவிட்டது. வீட்டளவில் இதன் பாடம் சிறியது. சப்-வூஃபர் வைத்த டிவி மேசையிலோ, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேல் உள்ள பலகையிலோ நாஸ் பெட்டியை வைத்துவிட்டு ‘மெதுவாக ஓடுகிறது’ என்று டிஸ்கைப் பழிப்பது நியாயமாகாது. ஒரே பெட்டியில் இறுக்கமாகத் திருகிய நான்கு டிஸ்குகள் ஒன்றையொன்று அதிரவைத்துத் தாமதிப்பதும் உண்டு. ரப்பர் வளையம் வைத்த திருகு பல சமயம் புதிய டிஸ்குக்கான செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

தாமதம் சொல்வது

டிஸ்க் சாகாமலே மெதுவாகும் வழிகளை முதலில் கழித்துவிட வேண்டும். தட்டின் வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு அடங்கும், உள் வட்டத்தில் குறைவு. 7200 சுற்று டிஸ்க் ஒன்று வெளியோரத்தில் நொடிக்கு 200 மெகாபைட் தந்தால் உள்ளோரத்தில் ஏறத்தாழ அதில் பாதியே தரும். டிஸ்க் நிரம்ப நிரம்ப வேகம் குறைவது இதனால்தான், அது நோயன்று. யூஎஸ்பி 2 துளையில் செருகிய எந்த டிஸ்கும் நொடிக்கு 30, 40 மெகாபைட்டைத் தாண்டாது. விண்டோஸ் புதுப்பிப்பு, வைரஸ் சோதனை, கோப்புத் தேடலுக்கான அட்டவணையாக்கம் ஆகியவை ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் காட்டும். அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் அடங்கிவிடும்.

அண்மைக்கால டிஸ்குகளில் இன்னொரு காரணம் சேர்ந்திருக்கிறது. தடங்களைக் கூரை ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் முறையில், ஒரு தடத்தை மாற்றி எழுத அதை அடுத்துள்ள தடங்களையும் எழுத வேண்டியிருக்கும். இவ்வகை டிஸ்கில் சில பத்து ஜிகாபைட் வேகமாகப் போய், பிறகு நகல் தேங்கி நொடிக்குச் சில மெகாபைட்டாகச் சரியும். நகல் முடிந்த பிறகும் டிஸ்க் தனக்குள் கரகரத்துக்கொண்டிருக்கும். நாஸ் பெட்டிகளுக்கென்று விற்ற ரெட் வரிசையின் சில மாடல்களில் இம்முறை இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது 2020 ஏப்ரலில் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. முதிர்ந்த டிஸ்க் என்று குப்பைக்குப் போனவற்றில் சில, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்.

உண்மையான நோயின் தாமதத்துக்குத் தனி வடிவம் உண்டு: அது சீராக இருக்காது. பெரும்பாலான கோப்புகள் இயல்பான வேகத்தில் திறக்கும். குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் மட்டும் எல்லாம் உறைந்து, சில நொடிக்குப் பிறகு ஒன்றும் நடவாதது போலத் தொடரும். படிக்க முடியாத செக்டாரை (தட்டில் தரவு எழுதப்படும் சிறு கூறு) டிஸ்க் மறுபடி மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் தட்டு ஒரு முழுச் சுற்று வந்தாக வேண்டும். மேசைக் கணினி டிஸ்குகள் பல நொடிகள் விடாமல் முயலும். நாஸுக்கென்று செய்தவை வழக்கமாக ஏழு நொடியில் கைவிட்டுப் பிழை என்று அறிவித்துவிடும். கணக்குப் போட்டால் இதன் கனம் புரியும். 4 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 150 மெகாபைட்டில் முழுக்கப் படிக்க ஏழரை மணி நேரம் போதும். அதில் பத்தாயிரம் செக்டார் கெட்டு, ஒவ்வொன்றும் ஏழு நொடி எடுத்தால், 4 டெராபைட்டில் கடுகளவுகூட இல்லாத அந்த ஐந்து மெகாபைட்டுக்கு மட்டும் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் போகும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒலி ஏதும் எழுவதில்லை. கூர்ந்து கேட்டால் ஒரே இடத்தில் தயங்கும் மெல்லிய கிறுகிறுப்பு கேட்கலாம். ‘டக் டக்’ வருவது இதற்கு வாரங்களோ மாதங்களோ கழித்து. காதை நம்பிக் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த இடைவெளியைத்தான்.

விண்டோஸ் இதைப் பதிவு செய்தும் வைக்கிறது. ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பதிவேட்டில் டிஸ்க் என்ற மூலத்தின் கீழ் எண் 7 இருந்தால் படிக்க முடியாத செக்டார். 153 என்றால் ஒரு வேலையை மறுபடி முயல நேர்ந்தது. சேமிப்பு இயக்கியின் (டிரைவர்) பெயரில் 129 வந்தால், டிஸ்க் பதில் சொல்லாததால் இணைப்பையே மீட்டமைக்க வேண்டிவந்தது. இந்த எண்களின் தேதிகளையும் தாமதம் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, எந்த விலையுயர்ந்த மென்பொருளும் தராத தெளிவைத் தரும்.

எண்களும் அவற்றின் மௌனமும்

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பேடு ஸ்மார்ட். 1990-களில் ஐபிஎம், காம்பாக் ஆகியவை தனித்தனியே செய்த முயற்சிகளிலிருந்து உருவானது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்சிடிஎல் அதைப் படித்துக் காட்டும். நீண்ட பட்டியலில் பார்க்க வேண்டியவை சிலவே. எண் 5: கெட்டதால் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்கள். எண் 197: சந்தேகத்தில் நிறுத்திவைக்கப்பட்டவை. எண் 198: படிக்கவே முடியாதவை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இவற்றை 05, சி5, சி6 என்று பதினாறடிமான எண்ணில் காட்டும். எண் 5 பல ஆண்டுகளாக 8-இலேயே நின்றால் பதற வேண்டியதில்லை. போன வாரம் 8, இந்த வாரம் 40 என்றால் பதறலாம். எண்ணின் அளவைவிட அதன் நகர்வே முக்கியம் என்பதால் மாதம் ஒரு முறை திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சீகேட் டிஸ்குகளில் எண் 1-உம் 7-உம் கோடிக்கணக்கில் காட்டிப் பயமுறுத்தும். பிழையும் மொத்த வேலையும் ஒரே எண்ணுக்குள் கோத்து எழுதப்படுவதால் வரும் தோற்றம் அது.

இந்தக் குறிப்பேட்டை எவ்வளவு நம்பலாம்? 2007-இல் ஒரே மாநாட்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இன்றும் இதற்கு அடிப்படை. கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைப் பார்த்தார்கள். பின்னணியில் தட்டைச் சோதிக்கும்போது முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்குக்கு, பிழையில்லாத டிஸ்கைவிட, அடுத்த 60 நாளில் செயலிழக்க 39 மடங்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அவர்கள் வலுவானவை என்று கண்ட நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடர், கிப்சன் இருவரும், நிறுவனங்கள் அச்சிடும் பத்து லட்சம் மணி நேர ஆயுள் கணக்குக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தைக் காட்டினார்கள். அந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே கெட வேண்டிய டிஸ்குகள் 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் 2016-இல் தன் டிஸ்குகளைக் கணக்கிட்டபோது, கெட்டவற்றில் 76.7 சதவீதம் தான் கவனிக்கும் ஐந்து எண்களில் ஒன்றிலாவது குறி காட்டியிருந்ததாகச் சொன்னது. மற்றவை நல்ல பிள்ளையாக இருந்தே போய்ச் சேர்ந்தவை. ஆகவே ஸ்மார்ட்டின் ‘கெட்டது’ என்ற தீர்ப்பை ஏற்கலாம். ‘நல்லது’ என்ற சான்றிதழை ஏற்கக் கூடாது.

எண் 199 தனியாகப் பேசப்பட வேண்டியது. அது தட்டைப் பற்றியதன்று. டிஸ்குக்கும் கணினிக்கும் இடையே தரவு வழியில் சிதைந்ததைச் சொல்வது. குற்றவாளி பெரும்பாலும் கேபிள். சில டாலருக்குக் கிடைக்கும் ஸாடா கேபிளை மாற்றினால் எண் அதற்குமேல் ஏறாது, தாமதமும் போய்விடும். இது சிறு விஷயம் என்று நினைப்பவருக்கு ஆஸ்திரேலிய வரித்துறையின் அனுபவத்தைச் சொல்லலாம். 2016 டிசம்பர் 12 அன்று அந்தத் துறையின் சிட்னி சேமிப்பகம் முடங்கி, நாடெங்கும் வரி முகவர்களின் வேலை நின்றது. ஹெச்பிஇ நிறுவனம் அமைத்து நடத்திய அந்தத் தொகுதியை ஆராய்ந்து வரித்துறை 2017-இல் வெளியிட்ட அறிக்கை, இழுபட்டு நலிந்த ஃபைபர் கேபிள்களை முதல் காரணமாகச் சொன்னது. டிரைவ்களின் ஃபர்ம்வேர் பிழையால் சேமித்த தரவைப் படிக்க முடியாமல் போனது அதை மேலும் சிக்கலாக்கியது. அதைவிடக் கவனத்துக்குரியது, முடங்குவதற்கு முந்தைய ஆறு மாதப் பதிவேட்டிலேயே அறிகுறிகள் இருந்தன என்பது. சில கேபிள்கள் மாற்றப்பட்டன. ஆனால் ஆபத்து முழுமையாக உணரப்படவில்லை. 2017 பிப்ரவரி 2-இல், கேபிள்களைச் சீராக்கும் வேலையின்போதே மறுபடி ஒரு முடக்கம் ஏற்பட்டது. அத்தனை பெரிய அமைப்பிலும் நடந்தது இதுதான்: குறிப்பேடு இருந்தது, அது சொன்னதை யாரும் உரிய கனத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூகுள் ஆய்வில் வெப்பத்துக்கும் செயலிழப்புக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை, மிக உயர்ந்த வெப்பத்திலும் முதிர்ந்த டிஸ்கிலும் தவிர. அந்த விலக்குதான் மேற்கு சிட்னியின் கோடை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. டிஸ்குகள் தாங்கும் உச்சம் பெரும்பாலும் 60 டிகிரி என்று உற்பத்தியாளர் குறிப்பிடுவார். விசிறி இல்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஓடும் டிஸ்க் அறையைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி சூடாவது சாதாரணம். ஏசி இல்லாத கராஜில் நாஸ் வைத்திருப்பவர் அத்தகைய நாள்களில் அதை அணைத்துவைப்பதே மேல்.

செய்யும் வரிசை

நோய் எது என்று உறுதி செய்வதற்கு முன் நகல் எடுக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்வது இங்கேதான். முழுச் சோதனை, விண்டோஸின் செக்டிஸ்க், ஒழுங்குபடுத்தல் எல்லாமே தளர்ந்த தலையை மணிக்கணக்கில் ஓடவைக்கும் வேலைகள். செக்டிஸ்க் ஒருபடி மேலே போய், கோப்பு அமைப்பையே திருத்தி எழுதும். மீட்கக்கூடிய கோப்பின் அடையாளம் அதில் அழிந்துபோகக்கூடும். டிஸ்க் இன்னும் தெரிகிறது, உறைந்து உறைந்து ஓடுகிறது என்றால் ஈடில்லாத கோப்புகளை முதலில் தனியே நகலெடுத்துவிட்டு, பிறகு லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவைக் கொண்டு முழு டிஸ்கையும் படியெடுக்கலாம். அது நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாதாரண இழுத்துப்போடும் நகலில் இந்தப் புத்தி இல்லை.

இணையச் சேமிப்புக்கு ஏற்றிவிடலாம் என்ற யோசனை அவசரத்துக்கு உதவாது. நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் என்பிஎன் (தேசிய அகலப்பட்டை) திட்டத்தில் ஒரு டெராபைட் போய்ச்சேர நான்கரை நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நாள் அந்த டிஸ்க் சுழல வேண்டும். முதலில் இன்னொரு டிஸ்க், பிறகு அதிலிருந்து இணையம் என்பதே சரியான வரிசை.

‘டக் டக்’ ஒலியோ உரசலோ தொடங்கிய டிஸ்கில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கும் பழைய தந்திரம், வெளியே எடுத்தவுடன் தட்டில் ஈரம் படியவைத்துத் தலையைக் கொல்லும். அதே மாடலின் சர்க்யூட் பலகையை வாங்கி மாற்றுவதும் இன்று பெரும்பாலும் பலிக்காது; ஒவ்வொரு டிஸ்குக்கும் தனித்தனியே அளந்து எழுதிய அளவீடுகள் அந்தப் பலகையின் சில்லில் இருக்கின்றன. மேல்மூடியைத் திறப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தூசி நீக்கிய அறையும் மாற்றுத் தலைகளும் கொண்ட மீட்பு நிலையங்கள் சிட்னியிலும் மெல்போர்னிலும் உண்டு. கட்டணம் புதிய டிஸ்கின் விலையைப் போலப் பல மடங்கு. மதிப்பீட்டுக்குக் கட்டணமா, மீட்க முடியாவிட்டால் கட்டணமா, வேலை உள்ளூரிலேயே நடக்கிறதா, வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களா என்ற கேள்விகளைக் கையொப்பமிடுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

டிஸ்க் ஓரளவு புதியதென்றால் சட்டமும் துணைக்கு வரும். 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்ற உத்தரவாதம் உற்பத்தியாளரின் வாரன்டி அட்டையிலிருந்து தனியானது. வாரன்டி முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக் கடைக்காரர் கைவிரிக்க முடியாது. குறை பெரியதானால் பணத்தைத் திரும்பப் பெறுவதா மாற்றுப் பொருள் பெறுவதா என்பதைத் தேர்ந்துகொள்வது வாங்கியவரின் உரிமை. இசைவு ஏற்படாதபோது நியூ சவுத் வேல்ஸில் ஃபேர் டிரேடிங், விக்டோரியாவில் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் ஆகியவற்றை அணுகலாம். ஆனால் மாற்று டிஸ்க் வெறுமையாகவே வரும். பயனர் உருவாக்கிய தரவு அழியக்கூடும் என்பதை வேலையை ஏற்பதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பழுதுபார்ப்பவர்களுக்கு அதே சட்டம் விதித்திருக்கிறது. அந்தத் தாளைப் படிக்காமல் டிஸ்கை ஒப்படைக்கக் கூடாது. பழையது கைவிட்டுப் போய்விடும் என்பதால், அதில் இருப்பது அந்தரங்கமானதென்றால் மாற்றுப் பெறும் உரிமையை விட்டுக்கொடுத்து டிஸ்கைத் தாமே வைத்துக்கொள்வதே சிலருக்கு உகந்ததாக இருக்கும்.

வேலை முடிந்த டிஸ்கைச் சிவப்பு மூடித் தொட்டியில் போடக் கூடாது. விக்டோரியாவில் மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டுக்கு அனுப்புவது 2019 ஜூலை 1 முதல் தடை. 2011-இல் தொடங்கிய தேசியத் தொலைக்காட்சி, கணினி மறுசுழற்சித் திட்டத்தின் சேகரிப்பு மையங்கள் வீட்டுக் கணினிப் பொருள்களைக் கட்டணமின்றி வாங்கிக்கொள்கின்றன. சுழலும் டிஸ்கென்றால் கொடுப்பதற்கு முன் முழுக்க ஒருமுறை மேலெழுதிவிடலாம். சுழலாத டிஸ்கில் மென்பொருள் ஓடாது, தரவோ தட்டில் அப்படியே இருக்கும். தட்டைத் துளைப்பதே வழி. 2.5 அங்குல டிஸ்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது என்பதால், உறையைக் கழற்றாமல், கண்காப்பு அணிந்து, பெட்டியோடு சேர்த்தே துளையிட வேண்டும்.